நேற்றைய மாத்திரை

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டில் எழுதச் சொன்னது என் மகன் செல்வின். "அம்மா, தினமும் என்ன செஞ்சீங்கன்னு நாலு வரி எழுதுங்க. மூளைக்கு நல்லது" என்று ஓசூரிலிருந்து போனில் உபதேசம். என் மூளைக்கு என்ன வந்ததாம்? போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன், பாத்திரம் கருகிவிட்டது. எதிர்வீட்டு மும்தாஜ் ஓடி வந்து கேஸை அணைத்தாள். அணைத்தவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். உடனே செல்வினுக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. அவள் வாயில் ஒன்றும் தங்காது.

சரி, எழுதுகிறேன். பெயர் கிருபாவதி. வயது எழுபத்து நான்கு. பாளையங்கோட்டையில் அவர் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். அவர் இறந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. திருநெல்வேலி ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்ஸில், அதாவது ரயில் தபால் ஆபீஸில், தபால் பிரிக்கிற வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். இந்த ஜில்லாவில் எந்தக் குக்கிராமத்தின் பெயரைச் சொன்னாலும் பின்கோடு சொல்வேன். மூளையாம்!

செல்வினுக்கு என்னை இங்கே விட்டுவைக்கப் பயம். ஓசூரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறான். நான் பாயைச் சுருட்டுவதாக இல்லை.

இன்று செய்தது: புளிக்குழம்பு, அப்பளம்.

ஜூன் 5, வியாழன்

காலையில் எழுந்தால் தலைக்குள் ஈரத் துணியைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கிறது. பல் விளக்கி, வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை, பிறகு காபி. கேஸ் மாத்திரை மும்தாஜ் சொல்லி ஏப்ரலில் ஆரம்பித்தது. "நெஞ்சு கரிக்குன்னு ஏன்க்கா கஷ்டப்படுதிய? வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க. நான் பத்து வருசமா போடுதேன், எனக்கு என்ன ஆயிட்டு?" என்றாள். அவள் சொன்னதில் உருப்படியானது இது ஒன்றுதான். நெஞ்சுக் கரிப்பு போயே போய்விட்டது.

பத்து மணிக்கு மேல்தான் கண் தெளிகிறது. வயசு, வேறென்ன.

கடைக்குப் போய் உப்பு வாங்கினேன்.

ஜூன் 8, ஞாயிறு

கோவிலில் இன்று பைபிளிலிருந்து வேதபாடம் வாசிப்பது என் முறை. பத்து வருடமாக வாசிக்கிறேன். பாதியில் வரி ஓடிவிட்டது. படித்த வசனத்தையே மறுபடி படித்திருக்கிறேன் போல. சபையில் யாரும் இருமக்கூட இல்லை. எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இறங்கி வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். அந்த இரக்கம்தான் தாங்கவில்லை.

சாயங்காலம் செல்வின் போன். அதற்குள் விஷயம் ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

உப்பு வாங்கினேன். அலமாரியில் ஏற்கெனவே மூன்று பாக்கெட் இருக்கிறது. மும்தாஜ் எதற்கு இங்கே கொண்டுவந்து வைக்கிறாள்?

ஜூன் 14, சனி

செல்வின் வந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக அடுப்புக் குழாயைப் பார்த்தான், ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தான், அலமாரியில் உப்பைப் பார்த்தான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். திங்கட்கிழமை வயதானவர்களைப் பார்க்கிற டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறானாம். ஞாபகசக்திப் பரிசோதனை.

"எனக்கு எதுக்குல பரீட்சை?"

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கிடுவோம்மா."

"நல்லா இல்லைன்னா?"

அவன் கையைக் கழுவப் போய்விட்டான். இல்லத்தின் போட்டோவைப் போனில் வைத்திருக்கிறான், காட்டப் பார்த்தான். நான் கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டுதான் சொன்னேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

நாளைக்குத் தலை பளிச்சென்று இருக்கவேண்டும். அதற்கு இன்று நன்றாகத் தூங்கவேண்டும். அதனால் இன்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

இதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். செல்வின் படிக்கமாட்டான். கையால் எழுதியதைப் படிக்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது. அவர் இறந்த வருடம் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. ராத்திரி டியூட்டியில் தூங்காமல் இருப்பது வேறு, வீட்டில் வெறும் கட்டிலில் முழித்துக்கிடப்பது வேறு. அப்போது எங்கள் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. அன்று முதல் தினம் ஒன்று. ஒரு நாள்கூட ஒன்றரை ஆனதில்லை. அந்த டாக்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது அவர் மகன் உட்கார்ந்திருக்கிறார். பழைய சீட்டை நீட்டினால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'ரிப்பீட்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். இத்தனை வருடம் ஒன்றும் செய்யாத மாத்திரை இனிமேல் என்ன செய்துவிடப் போகிறது?

அட்டையைச் சுக்கு டப்பாவில் வைத்திருக்கிறேன். தூக்க மாத்திரை என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான். எங்கள் ஆபீஸில் ஒருத்தி மொத்தமாக விழுங்கிச் செத்துப்போனாள். அவளைப் பற்றிக் கோவில் வாசலில் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. புருஷன் செத்த பொம்பளை தூக்க மாத்திரை வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் என்னைத் தனியாக விடுவார்களா?

ஜூன் 16, திங்கள்

தோற்றுவிட்டேன்.

டாக்டர் தமயந்தி என்று பெயர். நாற்பது வயது இருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள். கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் போட்டேன், எண்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டன. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று வந்தது, அதற்கு மேல் சுவர்தான். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். ஒன்றே ஒன்று வந்தது. "பின்கோடு கேளுங்க டாக்டர்" என்றேன். செல்வின் குனிந்துகொண்டான்.

இத்தனைக்கும் ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருந்தேன்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?"

"பிரஷருக்கு ஒண்ணு. அவ்ளோதான்."

கேஸ் மாத்திரையை யாராவது மாத்திரை என்று சொல்வார்களா? சுக்கு டப்பா விஷயம் அவளுக்கு எதற்கு?

ரத்தம் எடுத்தார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த தடவை வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னாள்.

ஜூன் 20, வெள்ளி

பையில் பிரஷர் மாத்திரை மட்டும் கொண்டுபோனேன்.

கிட்னி நார்மல், லிவர் நார்மல், தைராய்டு நார்மல். எனக்குக் குதிக்கலாம்போல இருந்தது. "பாத்தியால, எல்லாம் நார்மல்" என்று செல்வினை இடித்தேன். ஆனால் டாக்டர் முகத்தில் சந்தோஷம் இல்லை. மற்ற காரணம் எதுவும் தெரியாததால் மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், அதுவரை தனியாக அடுப்பைத் தொடவேண்டாம் என்றாள். நார்மல் என்று வந்ததே எனக்கு எதிராகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் செல்வின் ஓசூருக்குப் போன் போட்டான். செப்டம்பர் முதல் தேதி இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகிறதாம். எனக்காக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டான். ஆகஸ்ட் கடைசியில் இந்த வீட்டைப் பூட்டவேண்டும்.

நான் அழவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

ஜூலை 3, வியாழன்

மும்தாஜ்தான் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவருகிறாள். இன்று என்ன கொண்டுவந்தாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

எழுதவேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் பட்டுச்சேலை கட்டி, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். ஆராதனையை மாற்றிவிட்டார்களா, எனக்கு மட்டும் சொல்லவில்லையா என்று கோபம் கோபமாக வந்தது. கேட்டைத் தட்டினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யூனிபார்மில் சாரி சாரியாகப் போகின்றன. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

மும்தாஜ் மூச்சு வாங்க வந்தாள்.

"எக்கா, எங்க வந்திய?"

"கோவிலுக்கு."

"இன்னிக்குப் புதன்கிழமைல்லா அக்கா."

அவள் குரலை ஏற்றவில்லை. என் கையிலிருந்த வேதாகமத்தை வாங்கி மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ கூப்பிட்டாள். வழியெல்லாம் அவள் வீட்டு மாவு புளிக்காத கதையைப் பேசிக்கொண்டே வந்தாள். நான் சேலையின் ஜரிகையையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு இதுவரை இப்படிப் பயம் வந்ததில்லை. அவர் இறந்தபோதுகூட இல்லை.

இந்த விஷயத்தை அவள் செல்வினிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

சுக்கு டப்பாவில் அட்டை காலி. இளைய டாக்டர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருக்கிறாராம். மருந்துக்கடையில் புது சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றுவிட்டான்.

ஜூலை 22, செவ்வாய்

தூக்கம் இல்லை. கை நடுங்குகிறது. ஒரே எரிச்சல். மும்தாஜ் கொண்டுவந்த இட்லியைக் குறை சொன்னேன், பாவம்.

ஜூலை 27, ஞாயிறு

தூங்கித் தூங்கி விழவேண்டியவள் இன்று விடிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தலைக்குள் இருந்த துணியை யாரோ உருவிவிட்ட மாதிரி இருந்தது. பிரசங்கம் முழுவதையும் கேட்டேன். போதகர் ஒரே உதாரணத்தை இரண்டு தரம் சொன்னார், நான்தான் கண்டுபிடித்தேன்.

திரும்பி வந்து அலமாரியைத் திறந்தேன். எட்டு உப்புப் பாக்கெட். மும்தாஜ் எதற்கு என் வீட்டில் உப்பு வாங்கி அடுக்கப் போகிறாள்? எல்லாம் நான் வாங்கியது. அவளை மனசுக்குள் என்னவெல்லாம் நினைத்தேன்! மூன்று பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். "என்ன அக்கா, உப்பு வியாபாரம் ஆரம்பிச்சிட்டியளா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எத்தனை நாள் ஆயிற்று!

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துப் பார்த்தேன். முப்பது வரை தடுமாறாமல் வந்தேன்.

இது எதனால் என்று புரியவில்லை. சாகப்போகிறவர்களுக்குக் கடைசியில் ஒருநாள் தெளியும் என்பார்களே, அதுவோ என்றும் பயமாக இருக்கிறது. ஆனால் இப்படித் தூக்கமே இல்லாமல் எத்தனை நாள் உடம்பு தாங்கும்? இளைய டாக்டர் திரும்பி வந்துவிட்டாராம். நாளைக்கு முதல் வேலை சீட்டு வாங்குவது.

ஆகஸ்ட் 2, சனி

நன்றாகத் தூங்குகிறேன். காலையில் எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மும்தாஜ் கதவைத் தட்டித் தட்டி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாளாம்.

ஆகஸ்ட் 10

கிழமை தெரியவில்லை. கேட்க வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

செல்வின் வந்து மூட்டை கட்டுகிறான். அவருடைய சட்டைகளை என்ன செய்வது என்று கேட்டான். கேட்டவனே பீரோவை அப்படியே மூடிவிட்டான். நாளைக்கு டாக்டர். இல்லத்தில் சேர்க்க அவள் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டுமாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு மறந்துவிட்டால் என்ன செய்வது?

டாக்டர் சான்றிதழை எடுத்து வைத்தாள். பேனாவைத் திறந்தவள், எழுதாமல் செல்வினைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள்.

"அம்மா, வீட்டை விட்டுப் போறதுல உங்களுக்குச் சம்மதமா?"

"இல்லைன்னா விட்டுருவியளா?"

சிரித்தாள். பிறகு, "எப்பவுமே இப்படித்தான் இருக்கா? நடுவுல எப்பவாவது நல்லா இருந்துச்சா?" என்றாள்.

இருந்தது என்றேன். ஜூலை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உப்புக் கதையைச் சொன்னேன். அவள் பேனாவை மூடினாள்.

"அந்த வாரம் என்ன வித்தியாசமாச் செஞ்சீங்க?"

சொன்னால் தற்கொலைக்கு மாத்திரை சேர்த்து வைத்திருக்கிற கிழவி என்று எழுதிவிடுவாள், செல்வின் என்னை ஒரு நிமிஷம் தனியே விடமாட்டான். சொல்லாவிட்டாலும் வீடு போகத்தான் போகிறது. இனிமேல் எதைக் காப்பாற்ற மறைக்கிறேன்?

"தூங்கல" என்றேன். "மாத்திரை தீந்து போச்சு."

"எந்த மாத்திரை?"

சொன்னேன். அவர் இறந்தது, சுக்கு டப்பா, பரீட்சைக்கு முந்தின நாள் இரண்டு போட்டது, எல்லாம். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை. அவள் திட்டவும் இல்லை, பயப்படவும் இல்லை. "வேற ஏதாவது? கடையில நீங்களா வாங்கிப் போடுறது?" என்றாள். கேஸ் மாத்திரையைச் சொன்னேன். பெயரைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

செல்வினை உள்ளே கூப்பிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள். நாம் போடுகிற மாத்திரை பலதையும் உடைத்து வெளியேற்றுகிற வேலை கல்லீரலுக்கு. வயதாக ஆகக் கல்லீரல் சின்னதாகிறது, அதற்குப் போகிற ரத்தமும் குறைகிறது. அதனால் வேலை மெதுவாகிறது.

"டெஸ்ட்ல லிவர் நார்மல்னு வந்துச்சே டாக்டர்?" என்றான் செல்வின்.

"அந்த டெஸ்ட் லிவர் கெட்டுப்போயிருக்கான்னு சொல்லும். மருந்தை எவ்வளவு வேகமா வெளியேத்துதுன்னு சொல்லாது. அம்மாவுக்கு லிவர் கெடல, நிதானமாயிருச்சு. அம்பது வயசுல இந்த மாத்திரையைச் சீக்கிரம் வெளியேத்துன உடம்பு, இப்ப பல நாள் எடுத்துக்குது. நேத்து போட்டது போறதுக்குள்ள இன்னிக்கு ஒண்ணு போட்டுர்றாங்க."

எனக்குச் சட்டென்று புரிந்தது. "நேத்து வந்த தபால் மூட்டையைப் பிரிக்குமுன்ன இன்னிக்கு வண்டி வந்துட்டு" என்றேன். ரிட்டையர் ஆகிற வயதில் இருக்கிற, தபால் பிரிக்கிற சார்ட்டர் ஒருத்தி, மூட்டை மட்டும் அதே எண்ணிக்கை.

"அதேதான். போதாக்குறைக்கு ஏப்ரல்ல இருந்து இந்த கேஸ் மாத்திரை. எல்லா கேஸ் மாத்திரையும் அப்படி இல்ல, நீங்க போடுற வகை. தூக்க மாத்திரையை வெளியேத்துற அதே வழியைப் போய் அடைச்சுக்கிட்டு நிக்கும்."

"அப்போ இன்னிக்கே நிறுத்திர்றேன்."

"கூடவே கூடாது. இருபது வருசமா பழகுன உடம்பு. ஒரேயடியா நிறுத்துனா வலிப்புகூட வரலாம். அந்த ஒரு வாரம் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதது பெரிய விஷயம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். மாசக் கணக்காகும்." இந்த மறதி எல்லாம் மாத்திரையால்தான் என்று இப்போதே சொல்லமுடியாது என்றும் சொன்னாள். மாத்திரை முழுக்கப் போன பிறகு மறுபடி பரீட்சை. சான்றிதழை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டாள்.

வீட்டு வாசலுக்கு வந்துதான் செல்வின் கேட்டான்.

"அப்பா போனதுல இருந்தா?"

"ஆமா."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ பயந்துருவேன்னு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கோபம் என்று நினைத்தேன். கட்டிய மூட்டைகளை ராத்திரி அவனே அவிழ்த்தான். இல்லத்துக்காரர்களிடம் அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டான். பரீட்சை முடியட்டும், அதில் வருகிறதுதான் முடிவு என்றான்.

செப்டம்பர் 17, புதன்

முக்கால் மாத்திரையில் இருக்கிறேன். கேஸ் மாத்திரையை டாக்டர் மாற்றிவிட்டாள். மும்தாஜ் தன்னுடைய அட்டையையும் கொண்டுபோய் அவளிடம் காட்டிவிட்டு வந்தாள். "எனக்கும் வயசாகுதுல்லா அக்கா" என்கிறாள், ஏதோ இரகசியம் சொல்கிற மாதிரி.

அக்டோபர் 12, ஞாயிறு

பாதி. தூக்கம் துண்டு துண்டாக வருகிறது. எதற்கெடுத்தாலும் படபடப்பு. பரீட்சையில் மறுபடி தோற்றால், மாத்திரையின் மேல் பழி போடமுடியாது. அப்புறம் நான்தான். அந்த நினைப்பு வந்தால் உட்கார்ந்த இடத்தில் இருக்கமுடியவில்லை.

அடுப்பைத் தொட அனுமதி கிடைத்துவிட்டது. ரசம் வைத்தேன்.

நவம்பர் 12, புதன்

நேற்றோடு முடிந்தது. இன்று முதல் ஒன்றும் கிடையாது. செல்வின் போனில், "தூக்கம் வராட்டி எனக்குப் போடுங்கம்மா, எந்த நேரம்னாலும்" என்றான். அவன் தூக்கத்தையும் கெடுப்பானேன்? போடவில்லை.

நவம்பர் 24, திங்கள்

கடிகாரம் வட்டமாக வந்தது. எண்கள் அதனதன் இடத்தில் நின்றன. ஐந்து வார்த்தையில் நான்கு சொன்னேன், ஐந்தாவது வார்த்தை கதவைத் தாண்டும்போது ஞாபகம் வந்தது, திரும்பிப் போய்ச் சொன்னேன். டாக்டர் அதற்கு மார்க் கிடையாது என்றாள். ஆனால் சிரித்தாள். "இது மறதி நோய் இல்லம்மா. உங்க வயசுக்கு இருக்கவேண்டிய மறதி மட்டும் இருக்கு" என்றாள். வருடம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளவேண்டும், டாக்டரிடம் கேட்காமல் ஒரு மாத்திரையும் வாயில் போடக்கூடாது.

அங்கிருந்தே செல்வினுக்குப் போன் போட்டேன். "நீங்க அங்கயே இருங்கம்மா" என்றான். குரல் உடைந்திருந்தது.

என் வீடு என் வீடாகவே இருக்கிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

நவம்பர் 26, புதன்

நேற்று ராத்திரி சுத்தமாகத் தூக்கம் இல்லை. புரண்டு பார்த்தேன், ஜெபம் பண்ணிப் பார்த்தேன். அவன்தானே சொன்னான் என்று செல்வினுக்குப் போட்டேன். அடித்து அடித்து நிற்கும், வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரே ரிங்கில் எடுத்துவிட்டான்.

"ஏல, நீ ஏன் தூங்கல?"

மெதுவாக, "இன்னிக்குப் போடலம்மா" என்றான்.

"என்னத்த?"

"நானும் தூக்க மாத்திரை போடுதேன். ரெண்டு வருசமா."

"ஹெப்சிக்குத் தெரியுமா?" என்று மருமகளைப் பற்றிக் கேட்டேன். தெரியாதாம். அவளும் பயந்துவிடுவாளாம். ஷூ டப்பாவில் வைத்திருக்கிறானாம். என் கதையைக் கேட்டதிலிருந்து அவனாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறானாம். அவனுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. அவன் கல்லீரல் இன்றைக்கு எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். அதனால்தான் ஒன்றும் தெரியாது. அந்த வயதில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லையே!

"நீயா நிறுத்தாத. கெளம்பி வா" என்றேன். "அட்டையையும் எடுத்துட்டு வா."

"வேலை இருக்கும்மா."

"வேலை கெடக்கட்டும். நீ வா."

நவம்பர் 29, சனி

செல்வின் வந்துவிட்டான். அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து நின்றான். ஹெப்சியிடம் நேற்றே சொல்லிவிட்டானாம், அவளும் நாளைக்கு வருகிறாள். திங்கட்கிழமை டாக்டர் தமயந்தியிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை அவனை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அதுவரை ராத்திரி அவனுக்கு முழிப்பு வந்தால் என்னை எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.